எங்க ஏரியும் ஆகாயத்தாமரையும்

மலருக்கு ஏதாவது எழுதிக் குடுங்கன்னு கேட்டாங்க. நான் பத்தாவது வரைதான் படிச்சவ. எனக்குத் தெரிஞ்சது எங்க ஏரியோட கதை. அதையே எழுதுறேன்.

நான் கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்தப்ப ஏரியில தண்ணி தண்ணியாத் தெரிஞ்சது. கொஞ்ச வருஷத்துல ஓரமா ஊதாப் பூ பூத்தது. அழகா இருக்கேன்னு பிள்ளைங்க பறிச்சு விளையாடினாங்க. அப்புறம் கரையில இருந்து கலங்கல் வரைக்கும் ஒரே பச்சை. ஒரு நாள் என் கன்னுக்குட்டி அதைப் புல்தரைன்னு நினைச்சு இறங்கிடுச்சு. தூக்கறதுக்குள்ள போயிடுச்சு. குழுக் கடன்ல வாங்கின கன்னு. கன்னு போனதுக்கு அப்புறமும் மாசா மாசம் தவணை கட்டினேன். அன்னைக்குத்தான் இந்தச் செடி எங்கிருந்து வந்துச்சுன்னு விசாரிக்க ஆரம்பிச்சேன்.

ஆகாயத்தாமரைன்னும் வெங்காயத்தாமரைன்னும் சொல்றோமே, அது நம்ம நாட்டுச் செடியே இல்லையாம். தென் அமெரிக்காவுல அமேசான் ஆத்துப் பக்கம் இருந்தது. பூ அழகுக்காகவே பல நாட்டுக்கும் கொண்டு போனாங்க. 19-ம் நூற்றாண்டுக் கடைசியில வங்காளத்துக்கு வந்துச்சு. அங்க ஆறு, குளம் எல்லாம் அடைச்சு, படகு போக முடியாம, நெல் வயலும் பாழாச்சு. 1936-ல் இந்தச் செடியை அழிக்கறதுக்கே அங்க ஒரு சட்டம் போட்டாங்க. அடுத்த வருஷத் தேர்தல்ல இதை ஒழிப்போம்னு கட்சிகள் வாக்குக் கொடுத்தாங்களாம். ஒரு பூச்செடிக்கு இவ்வளவு பாடு! ஏன்னா ஒருத்தர் குளத்துல எடுத்தா, பக்கத்துக் குளத்துல இருந்து வெள்ளத்தோட திரும்பி வந்துடும். தனி ஆளால ஆகாது.

நம்ம முன்னோருக்கு இது தெரியும். எங்க ஊர்ல இருந்து பஸ்ல போற தூரத்துலதான் உத்திரமேரூர் இருக்கு. முதலாம் பராந்தக சோழன் காலத்துல, சுமார் 1,100 வருஷத்துக்கு முன்னாடி, அங்க கோயில் சுவர்ல வெட்டி வச்சிருக்காங்க. ஏரியைப் பார்த்துக்க ஏரி வாரியம்னு தனியா ஒரு குழு. குடவோலை போட்டு ஆள் எடுப்பாங்க. வயசு 35-க்கு மேல, 70-க்குள்ள இருக்கணும். சொந்த நிலமும் வீடும் வேணும். அதுல உட்கார்ந்தது ஆம்பளைங்கதான். பின்னாடி வந்த குடிமராமத்தும் ஊர் சேர்ந்து செஞ்ச வேலைதான். என் மாமியார் சின்ன வயசுல, வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோட வரத்துக்கால்வாய் வெட்டப் போவாங்களாம். அது நின்னு போச்சு, ஏரியும் யாருக்கும் சொந்தமில்லாம போச்சு.

முதல் வருஷம் எங்க குழு 12 பேரும் தனியா இறங்கினோம். ஒன்பது நாள் இழுத்துக் கரையில குவிச்சோம். ஐப்பசி மழையில எல்லாம் சரிஞ்சு மறுபடி ஏரிக்குள்ள போச்சு. பொங்கலுக்குள்ள பழையபடி பச்சை. "பொம்பளைங்க செஞ்ச வேலை"ன்னு டீக்கடையில சிரிச்சாங்க. எங்களுக்கு அழுகையே வந்துச்சு.

அப்புறம்தான் ஒரு பயிற்சியில விஷயம் புரிஞ்சது. இந்தச் செடி இரண்டு வாரத்துலயே இரட்டிப்பாகுமாம். விதை சேத்துக்குள்ள பல வருஷம் உயிரோட கிடக்குமாம். சாக்கடைத் தண்ணிதான் அதுக்கு எருவாம். அந்தச் சாக்கடை நம்ம வீட்டுத் தண்ணிதானே!

கூட்டமைப்புல பேசி, கிராம சபையில தீர்மானம் போட்டோம். பஞ்சாயத்துல ஜேசிபி குடுத்தாங்க. பாசன விவசாயிங்க டிராக்டர் அனுப்பினாங்க, மதகு அடைச்சு அவங்களும்தான் கஷ்டப்பட்டாங்க. மீன் குத்தகைக்காரர் ஆளும் வலையும் குடுத்தார். நாங்க இழுத்ததைக் கரையில போடாம தூரமா மேட்டு நிலத்துல குவிச்சு, சாணி கலந்து எருவாக்கினோம். தெருவுல வீட்டுக்கு வீடு உறிஞ்சுகுழி வெட்டினோம்.

இப்போ வருஷத்துக்கு இரண்டு தடவை, பூ பூக்கறதுக்கு முன்னாடி, எல்லாரும் சேர்ந்து இறங்குறோம். முழுசா ஒழிஞ்சுதுன்னு பொய் சொல்ல மாட்டேன். கலங்கல் பக்கம் ஒரு மூலையில இன்னும் எட்டிப் பார்க்குது. ஒரு வருஷம் விட்டா மறுபடி பரவிடும்.

அதனால சகோதரிகளே, உங்க ஊர் ஏரியில முதல் ஊதாப் பூவைப் பார்த்தா, அழகுன்னு விட்டுடாதீங்க. வேரோட எடுங்க. குழு மட்டும் தனியா இறங்காதீங்க, பஞ்சாயத்தையும் பாசனக்காரங்களையும் கையோட கூட்டிட்டுப் போங்க. அன்னைக்கு ஏரி வாரியத்துல நமக்கு இடம் இல்லை. இன்னைக்கு எங்க ஏரிக்கூட்டத்துல முதல் வரிசையில உட்கார்றது நாங்கதான்.