பரணில் கிடக்கும் பாகங்கள்: ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரின் இன்னொரு வரலாறு

புல்லட் வச்சிருக்கிறவங்க வீட்டுப் பரணில் பெரும்பாலும் ஒரு பழைய சைலன்சர் கிடக்கும். வண்டி வாங்கின மாசமே கழற்றினது. "சத்தம் பத்தல"ன்னு வேற ஒண்ணை மாட்டிட்டு, கம்பெனி சைலன்சரைச் சாக்கில் சுற்றி மேலே போட்டிருப்பாங்க. எங்க வீட்டிலும் ஒண்ணு இருந்தது. வீடு மாறும்போது பழைய இரும்புக் கடைக்குப் போட்டுட்டேன். நாலு வருஷம் கழிச்சு வண்டியை விற்கப் போனப்ப, வாங்க வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "ஒரிஜினல் சைலன்சர் இருக்கா?" இல்லைன்னதும் விலையைக் குறைச்சுட்டார்.

கழற்றிப் போட்ட பாகத்துக்கு எப்போ, எப்படி மதிப்பு வருதுன்னு அன்னைக்குத்தான் யோசிக்க ஆரம்பிச்சேன். இந்தக் கேள்விக்கு உலகத்திலேயே நல்ல பதில் வைத்திருக்கும் கார் ஒன்று உண்டு. அது ஜப்பானின் நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர். அதிலும் 1989 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்த ஆர்32.

இந்தக் காரைப் புரிஞ்சுக்க ஒரு எண்ணிலிருந்து தொடங்கலாம்: 2,568 சிசி. அது என்ன கணக்கு, ரவுண்டா 2,500-ன்னு வைக்கக் கூடாதா? காரணம் பந்தய விதி. குரூப் ஏ என்ற பந்தயப் பிரிவில் டர்போ இன்ஜினின் கொள்ளளவை 1.7-ஆல் பெருக்கி எந்த வகுப்பில் ஓடணும்னு முடிவு செய்வார்கள். 2,568-ஐப் பெருக்கினால் சுமார் 4,366. நாலரை லிட்டர் வகுப்புக்குள் அடங்கிவிடும். அந்த வகுப்புக்கான எடையும் டயர் அகலமும்தான் நிஸான் பொறியாளர்களுக்குத் தோதாக இருந்தன. ஆக, ரோட்டில் விற்பதற்கு முன்பே பந்தயத்துக்காகக் கணக்குப் போட்டுச் செய்த இன்ஜின் இது. 1990 முதல் 1993 வரை ஜப்பான் டூரிங் கார் போட்டியில் ஆர்32 கலந்துகொண்ட 29 பந்தயங்களிலும் ஜெயித்தது ஆர்32 தான்.

பந்தயத்தில் 500 குதிரைத்திறனைச் சாதாரணமாகத் தாண்டிய அதே இன்ஜின், ஷோரூமில் 280 குதிரைத்திறன் என்று விற்கப்பட்டது. அப்போது ஜப்பானில் சாலை விபத்துச் சாவுகள் வருஷத்துக்குப் பத்தாயிரத்தைத் தாண்டியிருந்தன. அந்த நெருக்கடியில் கார் கம்பெனிகள் தங்களுக்குள் 280-க்கு மேல் போவதில்லை என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டன. சட்டம் இல்லை, ஒரு கௌரவ ஒப்பந்தம். 2004-ல் ஹோண்டா லெஜண்ட் 300 குதிரைத்திறனோடு வரும்வரை அது நீடித்தது. இதோடு 180 கிலோமீட்டரில் நின்றுவிடும் வேகக் கட்டுப்பாடு வேறு.

அப்புறம் என்ன நடக்கும்? யானையைக் கட்டிப்போட்டு விற்றால், வாங்கினவன் முதலில் சங்கிலியைத்தான் அவிழ்ப்பான். டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஹோஸுக்குள் ஒரு குட்டி அடைப்பான் இருக்கும். அதை எடுத்தாலே அழுத்தம் கூடும். அடுத்து சைலன்சர், அதுக்கப்புறம் கம்ப்யூட்டர். இப்படியே போய் கடைசியில் கை வைப்பது டர்போவிலேயே. ஆர்32-இன் டர்போவில் பீங்கான் டர்பைன் சக்கரம் இருந்தது. எடை குறைவு என்பதால் சட்டென்று சுழலும். ஆனால் அழுத்தத்தை ஏற்றினால் உடைந்துவிடும். இது நிஸானுக்கே தெரியும். அதனால்தான் பந்தயத்துக்காக 1990-ல் செய்த 560 'நிஸ்மோ' கார்களில் பீங்கானுக்குப் பதில் உலோகச் சக்கரம் போட்டார்கள்.

மாற்றித் தருவதற்கு ஆட்களும் தயாராக இருந்தார்கள். எச்கேஎஸ் நிறுவனம் 1973-லேயே தொடங்கியாச்சு. 'ஆப்ஷன்' பத்திரிகை 1981-ல் வந்தது. இன்றைக்கு டோக்கியோ ஆட்டோ சலோன் என்று உலகப் புகழ்பெற்ற கண்காட்சி 1983-ல் தொடங்கியது. ஜிடி-ஆர் வந்தபோது மேடை ரெடி, ரசிகர்களும் ரெடி.

ஆனால் நடுவில் ஒருவர் நிற்கிறார்: 'ஷாகென்'. 1951-ஆம் ஆண்டு வாகனச் சட்டத்தின்படி நடக்கும் கட்டாயப் பரிசோதனை. நம்ம ஊர் எஃப்சி மாதிரி, ஆனால் சொந்தக் காருக்கும் ரொம்பக் கறாராக நடக்கும். புது கார் என்றால் மூணு வருஷம் கழிச்சு, அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை. தரைக்கும் காருக்கும் 9 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கா, டயர் வெளியே துருத்துதா, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிஸ்ட் இருக்கா, எல்லாம் பார்ப்பார்கள்.

இதற்கு ஜப்பானியர்கள் கண்டுபிடித்த வழிக்கு ஒரு பெயரே உண்டு: 'ஜுன்செய் மொதோஷி'. கம்பெனிப் பாகத்துக்குத் திரும்புதல். பரிசோதனைக்கு முன்னாடி பழைய சைலன்சர், ஸ்பிரிங், சக்கரம் எல்லாத்தையும் மாட்டி, முத்திரை வாங்கிட்டு வந்து திரும்பக் கழற்றுவது. (சைலன்சரை வைத்து நம்ம ஆட்களும் செய்யும் வேலைதான், ரொம்ப ஒழுங்காக!) கால் நீட்ட இடமில்லாத வீடுகளிலும் பம்பர்கூட பத்திரமாக இருந்ததற்கு இது முக்கியமான காரணம். யாரும் வரலாற்றைக் காப்பாத்தணும்னு வைக்கவில்லை. அடுத்த ஷாகெனுக்காக வைத்தார்கள்.

1995 நவம்பரில் விதிகளைத் தளர்த்தினார்கள். பல பாகங்களைத் தனி அனுமதி இல்லாமலே மாற்றலாம் என்று ஆனது. மாற்றுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் எனக்குத் தோன்றுவது இதுதான்: பழசை வைத்திருக்க வேண்டிய கட்டாயமும் அன்றிலிருந்து குறைய ஆரம்பித்தது. சட்டம் இறுக்கிப் பிடித்தவரை பாகங்கள் பிழைத்தன. பிடி தளர்ந்ததும் பரணில் இடத்தை அடைக்கும் இரும்பாகிவிட்டன.

அப்போது யாரும் எதிர்பார்க்காத ஒன்று அமெரிக்காவில் நடந்துகொண்டிருந்தது. 1988-இல் வந்த அவர்கள் சட்டப்படி, அமெரிக்கத் தரத்துக்குச் செய்யப்படாத காரை இறக்குமதி செய்வது ரொம்பக் கஷ்டம். 25 வயசு ஆகிவிட்டால் அந்தத் தடை இல்லை. 1997 கடைசியில் வந்த 'கிரான் டூரிஸ்மோ' வீடியோ கேமில் ஜிடி-ஆரை ஓட்டி வளர்ந்த பையன்கள் காத்திருந்தார்கள். 2014-ல் முதல் ஆர்32-க்கு 25 வயசு. கையில் காசோடு அவர்கள் வந்தபோது கேட்டது, மாற்றாத கார். இல்லையென்றால், மாற்றிய காரும் கூடவே கழற்றின பாகங்கள் இருக்கும் பெட்டியும்.

2017 டிசம்பரில் நிஸானின் நிஸ்மோ பிரிவு ஆர்32-க்கான பழைய பாகங்களைத் திரும்பத் தயாரிக்கத் தொடங்கியது. ஹோஸ், ஒயரிங், சின்னம் போன்றவை. அதே ஆண்டு மஸ்டா ரோட்ஸ்டருக்கும், 2020-ல் டொயோட்டா சுப்ராவுக்கும் இதே மாதிரி ஏற்பாடு. முப்பது வருஷத்துக்கு முன்னாடி கழற்றிப் போட்டதையும் சேர்த்து, கம்பெனியே உட்கார்ந்து மறுபடி செய்ய வேண்டிய நிலை.

அப்போ மாற்றினதெல்லாம் தப்பா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்தப் பீங்கான் டர்போவைத் திரும்ப மாட்டுவது இன்ஜினுக்கு நல்லதா என்று கேட்டால், இல்லை. 1992-ல் ஒரு மெக்கானிக் ராத்திரி கண்விழித்து மாற்றியமைத்த ஜிடி-ஆர், அந்தக் காலத்தின் உண்மையான சாட்சி. அதை ஷோரூம் நிலைக்குத் திருப்பினால் அவருடைய உழைப்பு அழிந்துபோகும். இந்தக் காரின் வரலாறே மாற்றப்பட்ட வரலாறுதான்.

ஆனா ஒண்ணு. மாற்றத்தை அளக்கணும்னா, எதிலிருந்து மாறியது என்று தெரியணும். ஓலைச்சுவடியில் பாடபேதம் பார்ப்பவருக்கு ரெண்டு பிரதியும் வேணும் இல்லையா? அதே மாதிரி, கழற்றின பாகம் மூலப்பிரதி. காரில் மாட்டியிருப்பது உரை. ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டால் மற்றதைப் பாதிதான் படிக்க முடியும்.

இதற்குப் பெரிய காப்பகம் எதுவும் தேவையில்லை. கழற்றும்போது ஒரு போட்டோ, தேதி எழுதிய ஒரு சீட்டு, இரும்புக்கு லேசா எண்ணெய், போல்ட் நட்டெல்லாம் ஒரே டப்பாவில், மாற்றின ரசீதும் கூடவே. ரப்பர் எப்படியும் இறுகிப்போகும், மாட்ட உதவாது. ஆனால் அதைப் பார்த்து அளவெடுத்து இன்னொன்று செய்யலாம்.

நான் எடைக்குப் போட்ட சைலன்சருக்குக் கிடைத்தது ஒரு டீ, ரெண்டு வடைக்கான காசு. அதனால விற்பனையில் போனதுகூட பெரிசில்லை. அந்த வண்டி ஷோரூமிலிருந்து வந்த முதல் மாசம் எப்படி ஓசையிட்டது என்று இப்போது எனக்கே நினைவில் இல்லை. கேட்டுப் பார்க்க வழியும் இல்லை.

அடுத்த முறை தெருவில் பழைய இரும்புக்காரர் குரல் கேட்டா, பரணைப் பார்த்து ஒரு நிமிஷம் யோசிங்க.