அட்டைப்பெட்டியும் ஆலை வேலியும்

கடைக்கு வரும் சோப்பு, பிஸ்கட், சமையல் எண்ணெய், மருந்து ஆகியவற்றில் எதை எடுத்துக்கொண்டாலும், அது ஓர் அட்டைப்பெட்டிக்குள் அடங்கி வந்ததாகவே இருக்கும். பெட்டியின் மேலும் கீழும் பழுப்பு நிற நாடா ஒட்டப்பட்டிருக்கும். கடைக்காரர் அதைக் கிழித்தெறிந்துவிட்டுப் பெட்டியை மூலையில் போடுகிறார். அந்த நாடாவை ஒட்டியது யார் என்று நாம் கேட்பதில்லை. முன்பெல்லாம் அது மனிதக் கை. இன்று பல இடங்களில் அது ஓர் இயந்திரம்.

சென்னைக்கு வடக்கே, மாதவரத்திற்கும் மணலிக்கும் அருகில் உள்ள மாத்தூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் சிறு தொழிற்கூடங்கள் பல உள்ளன. நம் மாணவர்களில் சிலர் படிப்பு முடிந்ததும், வேறு சிலர் படிக்கும்போதே மாலை நேரத்திலும், இத்தகைய கூடங்களுக்கு வேலைக்குச் செல்கின்றனர். பெரும்பாலும் அவர்களுக்குக் கிடைக்கும் முதல் வேலை 'பேக்கிங்'. பெட்டி ஒட்டும் பொறியின் முன்னால் நிறுத்தப்பட்டு, "பெட்டியைத் தள்ளு, அவ்வளவுதான்" என்ற ஒரே பாடத்துடன் வேலை தொடங்குகிறது. பொறி புதியது. ஆனால் அது விரலுக்கு விளைவிக்கும் ஆபத்து மிகப் பழையது. அதைத் தடுக்கும் வழியும் ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன்பே மனிதனுக்குத் தெரிந்துவிட்டது. அந்த வரலாற்றைத்தான் இங்குக் காணப்போகிறோம்.

மரப்பெட்டி போய் அட்டைப்பெட்டி வந்தது

பழைய சென்னைத் துறைமுகத்தில் சரக்கு என்றால் சாக்கு மூட்டை, துணிச் சிப்பம், பீப்பாய், ஆணியடித்த மரப்பெட்டி ஆகியவையே. மரப்பெட்டியை மூடுவதற்குச் சுத்தியல் போதும். நெளிவு அட்டையின் வரலாறோ ஒரு தொப்பியிலிருந்து தொடங்குகிறது. 1856ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஹீலி, ஆலன் என்ற இருவர், உயரமான தொப்பிகளின் உள்வரிக்காக மடிப்பு மடிப்பாக நெளித்த தாளுக்குக் காப்புரிமை பெற்றனர். 1871இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர், புட்டிகளையும் விளக்குக் கண்ணாடிகளையும் சுற்றிவைக்க அத்தகைய தாளைப் பயன்படுத்தினார். 1874இல் ஆலிவர் லாங் என்பவர் நெளிதாளின்மேல் தட்டையான தாளை ஒட்டினார். தாளின் எடை சிறிதே கூடியது. வலிமையோ பன்மடங்கு உயர்ந்தது. பாலத்தின் உத்திரங்களை முக்கோணங்களாக அமைப்பதன் பயனும் இதுவேயாகும்.

1879இல் புரூக்ளின் நகரத்து ராபர்ட் கேர் என்ற அச்சகத்தாரின் கூடத்தில், தாளை மடிப்பதற்கான உலோகப் பட்டை ஒன்று இடம் பெயர்ந்து, பைகளை மடிப்பதற்குப் பதிலாக வெட்டிவிட்டது. ஒரே அழுத்தத்தில் வெட்டவும் மடிக்கவும் முடியும் என்பதை அவர் அப்போது உணர்ந்தார். ஆயத்தமாக மடித்துக் கொள்ளக்கூடிய அட்டைப்பெட்டி பிறந்தது இவ்வாறுதான். அமெரிக்க இரயில் நிறுவனங்கள் அட்டைப்பெட்டிக்குக் கூடுதல் கட்டணம் கேட்டு அடம் பிடித்தன. 1914இல் வெளிவந்த பிரிதம் தீர்ப்பு அந்தப் பாகுபாட்டை நீக்கியது.

நம் ஊரில் மாற்றம் மெல்ல வந்தது. மும்பையில் இந்தியச் சிப்பமிடல் நிறுவனம் 1966இல் நிறுவப்பட்டது. சென்னைத் துறைமுகத்தின் சரக்குப் பெட்டக முனையம் 1983இல் திறக்கப்பட்டது. எஃகுப் பெட்டகம் வெளியடியைத் தாங்கிக்கொள்வதால், உள்ளே இருக்கும் பெட்டி மரமாக இருக்கவேண்டிய தேவை குறைந்தது. அட்டைப்பெட்டிக்கு ஒரே பகை ஈரம். எண்ணூர்க் காற்றிலும் ஐப்பசி மழையிலும் நனைந்த அட்டை தன் வலிமையில் பெரும்பகுதியை இழந்துவிடும். தளர்ந்த பெட்டிதான் பொறிக்குள் கோணலாகச் சென்று சிக்கிக்கொள்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நாடாவும் அதன் கத்தியும்

அட்டையை மூட முதலில் பசையும், தண்ணீர் தொட்டு ஒட்டும் தாள்நாடாவும் பயன்பட்டன. அமெரிக்காவில் 3 எம் என்று இன்று அறியப்படும் நிறுவனத்தில் பணிபுரிந்த ரிச்சர்டு ட்ரூ, 1925இல் வண்ணம் பூசுவோருக்கான மறைப்பு நாடாவையும், 1930இல் ஒளி ஊடுருவும் செல்லோபேன் நாடாவையும் உருவாக்கினார். அழுத்தினாலே ஒட்டும் நாடா அது. ஆனால் அதைச் சுருளிலிருந்து இழுத்து வெட்டுவது பெருந்தொல்லையாக இருந்தது. 1932இல் அதே நிறுவனத்தின் ஜான் போர்டன், பற்களுள்ள வெட்டுவிளிம்பு பொருத்திய நாடாத் தாங்கியை அமைத்தார். நம் மேசைமீது உள்ள தாங்கியும் பெட்டி ஒட்டும் பொறியின் கத்தியும் அதன் வழிவந்தவையே எனலாம். இன்றைய பழுப்பு நாடாவின் படலம் பாலிபுரொப்பிலீன். 1954இல் இத்தாலிய அறிஞர் நாட்டா அதைப் படிக அமைப்புடன் ஆக்கிக் காட்டினார். 1963இல் அவரும் ஜெர்மானியரான சீக்லரும் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இனிப் பொறிக்குள் எட்டிப் பார்ப்போம். கண்ணால்தான், கையால் அன்று.

பெட்டியின் இரு பக்கங்களிலும் ஓடும் பெல்ட்டுகள் அதை அணைத்து முன்னே இழுத்துச் செல்கின்றன. மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு நாடாத் தலைகள் உள்ளன. ஒவ்வொரு தலையிலும் முன் உருளை, கத்தி, பின் உருளை ஆகிய மூன்றும் சுருள்வில்லால் இழுத்துப் பிடிக்கப்பட்டிருக்கும். வரும் பெட்டி முன் உருளையைத் தள்ளுகிறது. நாடாவின் நுனி பெட்டியின் முகத்தில் ஒட்டுகிறது. பெட்டி கடந்து செல்லும்வரை கத்தி அமுங்கிக் கிடக்கும். பெட்டி நீங்கிய கணத்தில் வில் கத்தியை விசையுடன் வெளியே தள்ளி நாடாவை வெட்டுகிறது. பின் உருளை வால்பகுதியைத் தேய்த்து ஒட்டிவிடுகிறது.

கத்தியை இயக்குவது மின்மோட்டார் அன்று, வில் என்பதைக் கவனித்தீர்களா? சுவிட்சை அணைத்தால் மோட்டார் நிற்கும். வில்லில் தேங்கிய நிலையாற்றல் அப்படியே இருக்கும். புதிய நாடாவைக் கோக்கும்போது ஒரு கையால் உருளையை அழுத்திப் பிடித்துவிட்டு, மறு கையை உள்ளே வைத்துக்கொண்டு, அழுத்தத்தை விட்டால் கத்தி தன் கடமையைச் செய்தே தீரும்.

1844இல் எழுந்த வேலி

விரல் சிக்கும் இன்னோர் இடம் பெல்ட்டும் உருளையும் சந்திக்கும் வாய். இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே சுழலும் இந்த இடம், பருத்தி ஆலைகள் தோன்றிய காலத்திலிருந்தே தொழிலாளரின் கையையும் கூந்தலையும் உடையையும் கவ்வி வந்திருக்கிறது. ஓடும் பொறியின் அடியில் புகுந்து தூசி துடைத்தவர்களில் பலர் குழந்தைகள். பிரிட்டனின் 1844ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், பொறிகளுக்கு வேலியிட வேண்டும் என்றும், ஓடும் இயக்கு பாகங்களைச் சிறுவரும் பெண்களும் துடைக்கக்கூடாது என்றும் விதித்தது. 1855இல் ஆலை முதலாளிகள் தங்களுக்கென ஒரு சங்கமே அமைத்து இந்த வேலியை எதிர்த்தனர். உயரத்தில் சுழலும் தண்டுகளுக்கு வேலி எதற்கு என்பது அவர்கள் வாதம். எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் அவர்களைக் கடுமையாகச் சாடினார். ஹாரியட் மார்ட்டினோ என்ற அம்மையார் முதலாளிகளுக்காக ஒரு நூலே எழுதினார். 1856இல் சட்டம் தளர்த்தப்பட்டது. கற்ற பாடத்தையும் கைவிட முடியும் என்பதற்கு இது சான்று.

வேலி ஏன் தேவை, எச்சரிக்கையாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். ஒரு சிறு கணக்குப் போடுவோம். பெட்டி ஒட்டும் பொறிகள் பலவற்றில் பெல்ட்டின் வேகம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 20 மீட்டர். அதாவது நொடிக்கு 33 செ.மீ. நடக்கும் மனிதனின் வேகத்தைவிடவும் இது மிகக் குறைவு. ஆனால் விரல் நுனி பட்டது மூளைக்கு எட்டி, மூளையின் கட்டளை கைக்கு வந்து சேர ஏறத்தாழ 0.2 நொடி ஆகும். அதற்குள் பெல்ட் 6 முதல் 7 செ.மீ. சென்றுவிடும். உங்கள் ஆள்காட்டி விரலை அளந்து பாருங்கள். ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். கையை இழுத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் தோன்றும்போதே விரல் உள்ளே போயிருக்கும். "மெதுவாகத்தானே ஓடுகிறது" என்று சொல்பவர் இக்கணக்கைப் போட்டுப் பார்க்காதவர்.

வேலி சென்னைக்கு வந்த கதை

பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் 1870களிலும் 1880களிலும் எழுந்தன. அதே காலத்தில் பம்பாயில் சோராப்ஜி ஷாபூர்ஜி பெங்காலி என்பவர் தொழிலாளர் நலச் சட்டத்திற்காக முயன்றார். லங்காஷயர் ஆலை முதலாளிகளும் அத்தகைய சட்டத்தை விரும்பினர். அவர்கள் விரும்பியது இந்திய ஆலைகளின் உற்பத்திச் செலவு உயரவேண்டும் என்பதற்காக. நோக்கம் எதுவாயினும், 1881இல் ரிப்பன் பிரபு காலத்தில் முதல் இந்தியத் தொழிற்சாலைகள் சட்டம் பிறந்தது. ஆபத்தான பொறிக்கு வேலி வேண்டும் என்ற விதி அதில் இருந்தது. ஆனால் 100 பேர் பணிபுரியும் ஆலைகளுக்கே அது பொருந்தும்.

இந்த எண்ணிக்கையின் வரலாறு சுவையானது. 1891இல் அது 50 ஆகக் குறைந்தது. 1922இல் 20 ஆயிற்று. விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில், மின்விசை பயன்படுத்தும் இடங்களுக்கு 10 என வரையறுக்கப்பட்டது. அச்சட்டத்தின் 21ஆம் பிரிவு வேலியைப் பற்றியது. 22ஆம் பிரிவின்படி, வேலியிடவேண்டிய பாகங்களை அவை ஓடிக்கொண்டிருக்கும்போதே சோதிக்க நேர்ந்தால், சிறப்புப் பயிற்சி பெற்ற, வயதுவந்த ஆண் தொழிலாளியே, இறுக்கமான உடையணிந்து அதைச் செய்யவேண்டியிருந்தது. அவர் பெயர் பதிவேட்டில் இருக்கவேண்டியிருந்தது. பெண்களை விலக்கிவைத்துக் காப்பாற்ற முயன்ற சட்டம் அது. இன்று பேக்கிங் மேசைகளில் நிற்போரில் பெண்கள் மிகுதி. துப்பட்டாவும் பின்னலும் வளையலும் அந்த உருளை வாய்க்கு மிக அருகில் இருக்கின்றன. அவர்களை விலக்குவதைவிட உருளையை மூடுவதே அறிவுடைமை என்று எனக்குத் தோன்றுகிறது.

2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 1948ஆம் ஆண்டுச் சட்டம் உட்பட 13 சட்டங்களை ஒன்றாக இணைத்தது. அதில் 'தொழிற்சாலை' எனப்படுவதற்கான வரம்பு, மின்விசை உள்ள இடங்களுக்கு மீண்டும் 20 ஆயிற்று. பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனங்களின் உரிமையாளருக்குப் பொதுவான கடமைகள் அதில் உண்டு. ஆனால் ஐந்தாறு பேருடன் நடக்கும் தகரக் கொட்டகைகள்? பெட்டி ஒட்டும் பொறியை அங்கேயும் காணலாம். அங்குப் பல நேரங்களில், பொறியுடன் வந்த காப்பு மூடி கழற்றப்பட்டுச் சுவரோரம் சாத்தப்பட்டிருக்கும். காரணம் கேட்டால், "அடிக்கடி டேப் சிக்குது சார், ஒவ்வொரு தடவையும் யார் கழட்டி மாட்டுறது?" என்பார்கள்.

இந்த விடையில்தான் பராமரிப்பின் அருமை அடங்கியிருக்கிறது. நாடா ஏன் சிக்குகிறது? கத்தியின் பற்களில் பசை படிந்திருக்கும். அல்லது பல் மழுங்கியிருக்கும். வெட்டப்படாத நாடா நூலாக நீண்டு உருளையைச் சுற்றும். பெல்ட் தேய்ந்து ஒரு பக்கம் தளர்ந்திருந்தால் பெட்டி கோணலாகப் போகும். ஈரமான கிடங்கில் கிடந்த பெட்டியாக இருந்தால் நடுவில் நசுங்கும். ஒவ்வொரு சிக்கலும் ஒரு கையை உள்ளே அழைக்கிறது. நாள்தோறும் வேலை முடிந்தபின் அட்டைத் தூசியைத் துடைத்து, கத்தியின் பசையை நீக்கி, எண்ணெய்த் துணுக்கை நனைத்து, இரு பெல்ட்டுகளின் இறுக்கமும் ஒத்திருக்கிறதா என்று பார்த்தால், மூடியைக் கழற்றும் தேவையே அரிதாகிவிடும்.

நின்ற பொறியில் நிற்காத ஆற்றல்

பெட்டியின் உயரத்திற்கேற்பத் தானே ஏறி இறங்கும் பொறிகளில் மேல்தலையை அழுத்தக் காற்று தூக்குகிறது. 5 செ.மீ. விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு ஏறத்தாழ 20 சதுர செ.மீ. காற்றின் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 6 கிலோகிராம் என்றால், தண்டின் விசை ஏறத்தாழ 120 கிலோகிராம் எடைக்குச் சமம். மின்சாரம் நின்றாலும் குழாயில் அடைபட்ட காற்று நிற்பதில்லை. ஆகவே காற்றுக் குழாயையும் மூடி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, அழுத்தமானியின் முள் சுழிக்கு வந்ததைப் பார்க்கவேண்டும்.

நாடாவை உரிக்கும்போது நிலைமின்னும் தோன்றுகிறது. இருட்டறையில் நாடாவை வேகமாக உரித்தால் மெல்லிய நீல ஒளி தெரியும். மாணவர்கள் செய்து பார்க்கலாம். வெற்றிடத்தில் உரித்தால் எக்ஸ் கதிர்களே வெளிப்படுகின்றன என்று 1953இல் சோவியத் அறிஞர்கள் கண்டறிந்தனர். 2008இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர்கள், அக்கதிரைக்கொண்டு ஒரு விரலின் எலும்பையே படம் பிடித்துக் காட்டினர். சாதாரணக் காற்றில் அக்கதிர் வராது, அஞ்சவேண்டாம். ஆனால் 'சுரீர்' என்ற சிறு அதிர்ச்சியில் கை தானாக உதறும். உதறிய கை எங்கே போய் விழுகிறது என்பதுதான் கேள்வி. கடற்காற்றின் ஈரம் வடசென்னையில் மின்னூட்டத்தைப் பெரும்பாலும் கசியவிட்டுவிடும். குளிரூட்டிய அறையில் அந்த உதவி கிடைக்காது. பொறியின் உடலைத் தரையுடன் இணைக்கும் கம்பி அறுந்திருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கவேண்டும்.

சிவப்புக் காளான் வடிவப் பொத்தானை அமுக்கிவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். அது ஓடும் பொறியை உடனே நிறுத்துவதற்காக அமைந்தது. கத்தியை மாற்றும்போது வேறொருவர் வந்து அதை விடுவித்துப் பொறியை ஓட்டிவிடலாம். இதற்காக அமெரிக்க அரசு 1989இல் ஒரு விதி செய்தது. பழுது பார்ப்பவர் மின்னிணைப்பைத் துண்டித்து அதன்மேல் தம்முடைய பூட்டைப் பூட்டி, தம் பெயர் எழுதிய அட்டையையும் தொங்கவிட வேண்டும். இருவர் வேலை செய்தால் இரண்டு பூட்டுகள். ஒவ்வொரு பூட்டின் சாவியும் அதற்குரியவரின் சட்டைப் பையில். பிறகு ஒருமுறை இயக்கு பொத்தானை அமுக்கி, பொறி ஓடவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, வெட்டுத் தாங்கும் கையுறை அணிந்து, கத்தியின் திருகைக் கழற்றத் தொடங்கலாம். கழற்றிய பழைய கத்தியைக் குப்பையில் வெறுமனே எறியாமல், தடித்த அட்டைத் துண்டில் மடித்து, அதே பழுப்பு நாடாவால் சுற்றிப் போடவேண்டும்; காலையில் குப்பையை அள்ளுபவர் கையுறை இல்லாதவராக இருக்கலாம்.