கடாரத்திலிருந்து முப்பது நாள்

திருச்சிராப்பள்ளிப் பன்னாட்டு விமான நிலையம் புதுக்கோட்டை செல்லும் சாலையில் அமைந்துள்ளது. புதுக்கோட்டை மாவட்டத்தார் பலர் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் புறப்படும் வாயில் அதுவே. அங்கிருந்து கோலாலம்பூர் நேர்கோட்டில் சுமார் 2,700 கி.மீ.; சிங்கப்பூர் சுமார் 3,000 கி.மீ. இரண்டிற்கும் பறக்கும் நேரம் ஏறத்தாழ நான்கு மணி. நம் நாட்டிற்கும் அந்நாடுகளுக்கும் இடையிலுள்ள இரண்டரை மணி நேர வேறுபாட்டால், சிங்கப்பூரில் இரவு 8 மணிக்குக் கிளம்பும் ஒருவர் 9.30 மணி அளவிலேயே திருச்சியில் இறங்கிவிடுவார்!

இதே கடலை முன்னோர் எத்தனை நாள்களில் கடந்தனர்? 7ஆம் நூற்றாண்டுச் சீனத் துறவி இத்சிங்கின் நூல் நமக்கு உதவுகிறது. வூ-ஹிங் என்ற துறவி கடாரத்திலிருந்து, அதாவது இன்றைய மலேசியாவின் கெடாவிலிருந்து, மேற்கு நோக்கி 30 நாள்கள் பயணம் செய்து நாகப்பட்டினத்தை அடைந்தார் என்று அது குறிக்கிறது. அங்கிருந்து இலங்கைக்கு 2 நாள்கள். பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின், 1926இல் கட்டப்பட்ட ராஜுலா போன்ற நீராவிக் கப்பல்கள் நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சென்னையிலிருந்து சிங்கப்பூர் செல்ல ஏறத்தாழ ஒரு வாரம் எடுத்துக்கொண்டன.

முப்பது நாள், ஒரு வாரம், நான்கு மணி. இக்கணக்கு சரியே. ஆனால், பாய்மரக் காலத்தின் முழுக் கணக்கு இதுவன்று. தென்மேற்குப் பருவக்காற்றில் கிழக்கே செல்லும் மரக்கலம், வடகிழக்குக் காற்று வீசும்வரை அங்கேயே தங்க வேண்டும். கடலில் கழிந்தவை சில வாரங்கள். கரையில் காத்திருந்தவை பல மாதங்கள்.

அந்தக் காத்திருப்பு விட்டுச்சென்ற தடயம் ஒன்று தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்துள்ளது. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தையும் அதற்குக் காவலாயிருந்த மணிக்கிராமத்தார், சேனாமுகத்தார் ஆகியோரையும் குறிப்பிடுகிறது. அவனிநாரணன் என்பது பல்லவ மன்னர் மூன்றாம் நந்திவர்மரின் பட்டப்பெயர். மணிக்கிராமம் நமக்குப் புதிய பெயரன்று. விராலிமலைக்கு அருகிலுள்ள கொடும்பாளூரில் அப்பெயருடைய வணிகக் குழு இயங்கியதைத் தமிழகக் கல்வெட்டுகள் உறுதி செய்கின்றன.

வணிகர்கள் அயல்மண்ணில் ஏன் ஒரு குளத்தைக் காக்க வேண்டும்? வந்த வேகத்தில் திரும்புபவனுக்குக் குளம் தேவையில்லை. காற்று மாறும்வரை வாழ வேண்டியவனுக்கு நீர் வேண்டும், காவல் வேண்டும், தன் மொழி பேசும் கூட்டம் வேண்டும். கடல்கடந்த தமிழர் குடியிருப்புகளை வளர்த்ததில் துணிவுக்கும் வணிகத்திற்கும் உள்ள பங்கு இந்தத் தாமதத்திற்கும் உண்டு என்றே நாம் கருதுகிறோம்.

கொடும்பாளூர் மூவர் கோயிலைக் காணச் செல்வோர், பூதி விக்கிரமகேசரியின் கலைப்பணியைக் கண்டு மகிழ்வதோடு, அவ்வூர் வணிகர்களையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ள வேண்டும். திரும்பும் வழியில் தலைக்கு மேல் ஒரு விமானம் கிழக்கே செல்லக்கூடும். அது கடக்கப்போகும் தொலைவு அன்றிருந்த அதே தொலைவுதான்.