உப்பு காத்த புல்வெளி

டெக்சாஸின் வளைகுடாக் கரையில் உப்பேறிய தாழ்நிலத்தில் கூர்நுனிப் புற்கள் கொத்துக்கொத்தாய்ச் செழிக்கின்றன. நிலம் சற்றே உயர்ந்து உப்புக் குறைந்தால் வேறு புல்லினங்கள் தோன்றுகின்றன. முட்புதர்கள் மண்டாதபடி முற்காலத்தில் காட்டுத்தீ அவ்வெளியைக் காத்தது. கரங்காவா மக்கள் அங்கு வாழ்ந்தனர். அவர்களுக்கென 1722-இல் பிரான்சிஸ்கன் துறவியர் தூய ஆவி மறைத்தளத்தை நிறுவினர். 1749-இல் அது கோலியாடுக்குப் பெயர்ந்தது. அதன் ஆயிரக்கணக்கான மாடுகள் சுற்றுவெளிகளில் மேய்ந்தன. பின்னர் ஏரும் வேலியும் நகரமும் பரவின. கரையோரப் புல்வெளியில் நூற்றில் ஒரு பங்குகூடப் பழைய நிலையில் இன்று எஞ்சவில்லை. நற்செய்தியோடு சென்ற நம் திருச்சபையின் மந்தைகளுக்கும் இம்மாற்றத்தில் பங்குண்டு என்பதை நாம் மறைக்கலாகாது. ஏருக்கு உதவாதென ஒதுக்கப்பட்ட உப்பு நிலத்திலோ புல் ஓரளவு தப்பியது. தம் சீடரை உப்பென அழைத்த ஆண்டவர், காக்கும் பணியையன்றோ நம்மிடம் ஒப்படைத்தார்!