நாயுடன் நடனம்: வீவக வீட்டுக்கூடத்திலேயே தொடங்கலாம்

பாட்டு ஒலிக்கிறது. உரிமையாளர் அடியெடுத்து வைக்க, நாய் அவருடைய கால்களுக்கிடையே வளைந்து நுழைகிறது, சுழல்கிறது, பின்னோக்கி நடக்கிறது. இதை ஒரு விளையாட்டு என்றால் புக்கிட் பாத்தோக் புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் சிரிக்கக்கூடும். ஆனால் பிரிட்டனில் இதற்கு விதிமுறைகள், நடுவர்கள், தகுதிச் சுற்றுகள் எல்லாம் உண்டு.

1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் கனடாவிலும் பிரிட்டனிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இது உருவானது. நாய்களுக்குக் கீழ்ப்படிதல் பயிற்சி அளித்தவர்கள், சலிப்பூட்டும் நடைப் பயிற்சிக்கு இசையைச் சேர்த்துப் பார்த்ததே ஆரம்பம். பிரிட்டிஷ் பயிற்சியாளர் மேரி ரே, புகழ்பெற்ற ‘கிரஃப்ட்ஸ்’ நாய்க் கண்காட்சியில் செய்துகாட்டி இதைப் பரவலாக்கினார். 2005ஆம் ஆண்டில் அதே கண்காட்சியில் இது போட்டியாகவே இடம்பெற்றது.

உலகம் முழுவதும் தெரியவந்தது 2012ல்தான். ஆஷ்லி பட்லர் என்ற 17 வயதுப் பெண்ணும் அவருடைய பட்சி என்ற கலப்பின நாயும் ‘பிரிட்டன்ஸ் காட் டேலண்ட்’ தொலைக்காட்சிப் போட்டியில் வென்று, 500,000 பவுண்டு பரிசைத் தட்டிச் சென்றனர். பட்சி உயர்குல நாயன்று என்பதைக் கலப்பின நாய் வளர்ப்போர் கவனிக்கலாம்.

போட்டியில் இரு பிரிவுகள் உள்ளன. ஒன்றில் நாய் பெரும்பாலான நேரம் உரிமையாளரின் உடலை ஒட்டியே நடக்கவேண்டும். மற்றொன்று கட்டற்றது. அதில் நாய் விலகிச் சென்று சுழலலாம், உருளலாம், தாவலாம். அசைவுகளின் உள்ளடக்கம், துல்லியம், இசையோடு பொருந்தும் விதம் ஆகியவற்றைப் பார்த்து நடுவர்கள் புள்ளி வழங்குவர்.

இதில் ஒரு சின்ன ரகசியம் உண்டு. நாய் தாளத்துக்கு ஆடுவதில்லை. 2009ல் வெளியான ஆய்வு ஒன்றில் ‘ஸ்னோபால்’ என்ற கொண்டைக்கிளி இசையின் வேகம் மாறும்போது தன் ஆட்டத்தையும் மாற்றிக்கொண்டது தெரியவந்தது. நாய்களிடம் அப்படிப்பட்ட திறன் நிரூபிக்கப்படவில்லை. தாளத்தைப் பிடிப்பது மனிதரின் வேலை. நாயின் இயல்பான நடைவேகத்தைக் கவனித்து, அதற்கேற்ற பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குத்துப்பாட்டு பிடிக்கும் என்பதற்காக, குட்டைக்கால் ‘ஷி சூ’வை அந்த வேகத்துக்கு ஓடவைப்பது சரியாக வராது.

விலங்கை ஆடவைப்பதா என்ற தயக்கம் தமிழர்களுக்கு எழுவது இயல்பே. குரங்காட்டியையும் பூம்பூம் மாட்டையும் பார்த்து வளர்ந்த தலைமுறை இன்னமும் இருக்கிறது. கரடி, குரங்கு முதலியவற்றைக் காட்சி விலங்குகளாகப் பழக்குவதற்கு இந்திய அரசு 1991ல் தடை விதித்தபோது அந்தப் பட்டியலில் நாயும் இருந்தது. 1998ல் வெளியான அறிவிப்பில்தான் அது நீக்கப்பட்டது. ஆக, இந்தக் கேள்வி ஒதுக்கிவிடக்கூடியதன்று. கயிறும் கம்பும் கொண்டு பழக்குவதற்கும், தின்பண்டம் கொடுத்து நாய் தானாக முன்வரும்வரை காத்திருப்பதற்கும் உள்ள தூரமே இங்கு முக்கியம். பயிற்சியின் நடுவே நாய் எழுந்து போய்விட்டால் அதைப் போகவிட வேண்டும். அதை இழுத்துவந்து நிறுத்துகிறவருக்கு இந்த விளையாட்டு ஏற்றதல்ல.

சிங்கப்பூரில் இதற்கு வேறொரு பயனும் இருக்கிறது. வீவக வீடுகளில் அனுமதிக்கப்பட்ட 62 சிறிய இனங்களில் ஒரு நாயை மட்டுமே வளர்க்கலாம். மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். ‘அடோர்’ திட்டத்தின்கீழ், தெருவிலிருந்து மீட்கப்பட்ட உள்ளூர்க் கலப்பின நாய்களையும் 2012 முதல் வீவக வீடுகளில் தத்தெடுக்க முடிகிறது. உயர வரம்பு, கீழ்ப்படிதல் பயிற்சி போன்ற நிபந்தனைகள் அதற்கு உண்டு. அந்த நாய்களில் சில கூச்ச சுபாவம் கொண்டவை. மின்தூக்கியின் கதவு திறந்தாலே மிரளும், குரைக்கும். குரைப்பு தொடர்ந்தால் அண்டைவீட்டார் புகார் செய்வர். புகார்கள் தீராவிட்டால் நாயை வைத்திருப்பதே கேள்விக்குறியாகிவிடும். “என்னைப் பார், என்னுடன் நட” என்ற பழக்கம் ஒரு நாய்க்கு வந்துவிட்டால், தாழ்வாரத்தில் எதிரே யாராவது வரும்போதும் அது கைகொடுக்கும். நடனம் என்பது அந்தப் பழக்கத்தையே பாட்டுப் போட்டுச் செய்வதுதான்.

தொடங்குவதற்குக் கூடத்தில் சாப்பாட்டு மேசையை நகர்த்தினால் கிடைக்கும் இடம் போதும். தரைக்கல் வழுக்கும் என்பதால் யோகா விரிப்பு ஒன்றை விரிப்பது நல்லது. வேகவைத்த கோழியிறைச்சியை உப்பில்லாமல் கடலை அளவுக்கு நறுக்கி வைத்துக்கொள்ளலாம். முதலில் சுழற்சி. தின்பண்டத்தை நாயின் மூக்கருகே பிடித்து மெதுவாக வட்டமிட்டால் அது பின்தொடர்ந்து ஒரு சுற்றுச் சுற்றும். முடித்த கணத்தில் “சபாஷ்” போன்ற ஒரே சொல்லைச் சொல்லி உடனே கொடுக்கவேண்டும். சொல் முந்தினாலும் பிந்தினாலும் எதற்காகக் கிடைத்தது என்று நாய்க்குப் புரியாது. சில நாள்களில் வெறுங்கையால் வட்டமிட்டாலே சுற்றத் தொடங்கும். பிறகு கையசைவைச் சிறிதாக்கிக்கொண்டே போகலாம். அடுத்து, ஒரு காலை முன்வைத்து அந்த இடைவெளிக்குள் நாயை வரவழைப்பது. இடம், வலம் என மாறிமாறிச் செய்தால் அதுவே ‘கால்பின்னல்’. ஒருமுறைக்கு ஐந்து நிமிடம் போதும். பாட்டைக் கடைசியில்தான் சேர்க்கவேண்டும்.

காணொளிகளில் கைதட்டல் வாங்கும் பின்னங்கால் நடையைத் தவிர்ப்பது நல்லது. இடுப்பு, முழங்கால் மூட்டுகளில் பாரம் ஏறும். நீண்ட முதுகுடைய ‘டாக்ஸ்ஹண்ட்’, எளிதில் முழங்கால் சில்லு விலகும் ‘பொமரேனியன்’ போன்றவற்றுக்கு இது ஆபத்து. எந்த நாயாக இருந்தாலும் குதிப்பு, தாவல்களுக்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடலாம்.

வெளியே பயிற்சி செய்வோர் வெயில் தாழ்ந்தபின் செல்லலாம். கீழ்த்தளமோ பூங்காவோ, கழுத்துவார் அவசியம். நாய்களுக்கென வேலியிட்ட திடல்கள் பீஷான்-அங் மோ கியோ, வெஸ்ட் கோஸ்ட் பூங்காக்களில் உள்ளன. புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதிக்குள் செல்லப்பிராணிகளுக்கு அனுமதி இல்லை. புக்கிட் பாத்தோக் இயற்கைப் பூங்காவில் இன்னொரு சிக்கல்: இறைச்சித் துண்டு நிறைந்த பையை நாய் கவனிப்பதற்குள் குரங்குகள் கவனித்துவிடும்.