1844 புயலும் சித்தப்பாவின் டாக்சியும்

போன மாசம் போர்ட் பிளேரிலிருந்து சித்தப்பா போன். "தம்பி, வண்டி ஏத்தத்துல இழுக்கவே மாட்டேங்குது. பெட்ரோல் பம்ப் மாத்தியும் பணம்தான் போச்சு. நீதான் இன்ஜினியராச்சே, சொல்லேன்." சீசன் நேரம் வேறு. டாக்சி ஓடினால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும்.

ஸ்கேனரில் மேப் சென்சார், அதாவது இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் சென்சார், என்ன காட்டுது என்று கேட்டேன். இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பினால் 80 கிலோபாஸ்கல் என்றார். இங்கே டென்வரில் என் வண்டியில் 83. "அது சரியாத்தான் இருக்கு சித்தப்பா, வேற இடத்துல பாருங்க" என்று பெரிய மேதாவி மாதிரி சொல்லிவிட்டேன்.

எங்கே சறுக்கினேன் என்று சொல்ல, கொஞ்சம் சரித்திரம் வேணும். பொறுத்துக்குங்க.

1844 நவம்பரில் ரன்னிமீட், பிரிட்டன் என்ற இரண்டு கப்பல்கள் பட்டாளத்தை ஏற்றிக்கொண்டு கல்கத்தாவுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒன்று இங்கிலாந்திலிருந்து, இன்னொன்று சிட்னியிலிருந்து. அந்தமான் கடலில் ஒரே புயல் இரண்டையும் பிடித்து, ஒரே கரையில் அருகருகே தூக்கிப் போட்டது. இப்படிப்பட்ட கப்பல்களின் குறிப்பேடுகளை கல்கத்தாவில் சேகரித்தவர் ஹென்றி பிடிங்டன். காற்று எந்தப் பக்கம் அடித்தது, பாரோமீட்டர் எவ்வளவு இறங்கியது என்று ஒப்பிட்டுப் பார்த்தார். 1848-இல் வந்த அவர் புத்தகத்தில்தான் 'சைக்ளோன்' என்ற சொல் பிறந்தது.

அதே 1844-இல் பிரெஞ்சுக்காரர் லூசியன் விடி, பாதரசமே இல்லாத அனராய்டு பாரோமீட்டருக்குக் காப்புரிமை வாங்கினார். காற்றை உறிஞ்சி எடுத்த மெல்லிய உலோக டப்பி அது. வெளிக்காற்றின் அழுத்தம் கூடினால் அமுங்கும், குறைந்தால் உப்பும். 1967-இல் பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் வந்தபோது, போக்ஸ்வேகன் 1600 காரில் காற்றழுத்தத்தை அளந்ததும் இதே மாதிரி டப்பிதான். இப்போது டப்பி போய் சிலிக்கான் சில்லு வந்துவிட்டது. வேலை மாறவில்லை: காற்றழுத்தம் எவ்வளவோ அதற்கேற்ற பெட்ரோல்.

ஆக, இன்ஜின் ஓடாதபோது மேப் சென்சார் வெறும் பாரோமீட்டர்!

மறுநாள் சித்தப்பாவே கேட்டார்: "தம்பி, உங்க ஊரு மலை மேலல்ல இருக்கு? இங்க வாசல்லயே கடலாச்சே?"

பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. டென்வர் 1,600 மீட்டர் உயரம், 83 சரி. கடல் மட்டத்தில் 100, 101 காட்டணும். அந்தமானிலேயே உயரமான சேடில் பீக் 732 மீட்டர்தான். அங்கே ஏறினாலும் 90-க்கு மேல் இருக்கும். உலகத்திலேயே பதிவான மிகக் குறைந்த கடல்மட்ட அழுத்தம், 1979 டிப் சூறாவளியில், 87. சித்தப்பாவின் வண்டி தான் கொடைக்கானல் பக்கம் நிற்பதாக நினைத்து பெட்ரோலைக் குறைத்துவிட்டது. 80 என்பது நடக்கக்கூடிய எண் என்பதால் எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை.

பிளக்கைக் கழற்றாமலே மல்ட்டிமீட்டர் வைக்கச் சொன்னேன். 5 வோல்ட் வரவேண்டிய ஒயரில் 4 தான். உப்புக்காற்றில் ஒயருக்குள் செம்பு பச்சை பூத்திருந்தது. சென்சார் நல்லாத்தான் இருந்தது, பாவம்! அந்தத் துண்டை வெட்டிப் புது ஒயர் போட்டதும் 101.

அன்று சாயங்காலமே வண்டி சவாரிக்குப் போய்விட்டது. பம்ப் பணத்தை நான் அனுப்புறேன் என்றேன். "அதெல்லாம் வேணாம்ப்பா, அடுத்த தடவை ஊருக்கு வரும்போது நேரா வந்து பாரு" என்றார்.