முடிந்ததும் முடியாததும்

ஸ்பானிய பாஷையைப் புதிதாகக் கற்கிறவரின் உற்சாகம் நிகழ்காலம் வரையில் குன்றுவதில்லை. இறந்தகாலத்துக்கு வந்ததும் சோதனை தொடங்குகிறது. ‘அமே’ என்றாலும் நேசித்தேன். ‘அமாபா’ என்றாலும் நேசித்தேன். விகுதிகளை நெட்டுருப் போட்டுவிடலாம். ‘போனேன்’ என்பதற்கும் ‘இருந்தேன்’ என்பதற்கும் ‘ஃபுய்’ என்ற ஒரே சொல் நிற்கும் விபரீதத்தையும், இலத்தீன் வைத்துவிட்டுப் போன பழங்கணக்கு என்று பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் எவ்விடத்தில் எந்த இறந்தகாலம் என்கிற விவேகம் மட்டும் வாய்பாட்டினால் வருவதில்லை.

இந்த இரண்டு இறந்தகாலங்களுக்கும் முதன்முதலில் அச்சில் இலக்கணம் வகுத்தவர் அந்தோனியோ தெ நெப்ரிஹா. 1492 ஆகஸ்டு 3-ஆம் தேதி கொலம்பஸ் பாலோஸ் துறைமுகத்திலிருந்து பாய்விரித்த பதினைந்தாம் நாள், சலமான்கா நகரில் அச்சாகி முடிந்த அவருடைய காஸ்டிலிய, அதாவது ஸ்பானிய, இலக்கணம் இசபெல்லா அரசிக்குச் சமர்ப்பிக்கப்பெற்றது. இந்த நூலால் என்ன பிரயோஜனம் என்று அரசி முன்னமே வினவியபோது, அவிலா ஆயர் முந்திக்கொண்டு, தங்கள் நுகத்தடியின்கீழ் வரப்போகும் அந்நிய ஜனங்கள் வென்றவர்களின் சட்டத்தைக் கற்க இது உதவும் என்று விடையிறுத்ததாக முகவுரையில் நெப்ரிஹாவே எழுதிவைத்திருக்கிறார். சாம்ராஜ்ய நோக்கம் அப்படியிருக்க, நூலின் ஐந்தாம் பகுதியை வேற்றுமொழிக்காரர்களுக்கென்றே ஒதுக்கி, வினைகளின் உருவங்களை வரிசையாக எழுதிக் கொடுத்த அந்த மனிதரை நல்ல உபாத்தியாயர் என்றே சொல்லத் தோன்றுகிறது. இலத்தீன் நாமங்களை அப்படியே சுமத்தாமல், ‘அமே’ என்பதை ‘முடிந்த இறந்தகாலம்’ என்றும், மற்றதை ‘முடியாத இறந்தகாலம்’ என்றும் வீட்டுப் பேச்சிலேயே பெயரிட்டார். அவர் 1522-இல் காலமாகும்வரை அந்நூல் மறுபதிப்புக் காணவில்லை.

1713-இல் தோன்றிய ஸ்பானிய ராஜாங்க மொழிக்கழகம் 1771-இல்தான் தன் முதல் இலக்கணத்தை வெளியிட்டது. அந்தப் பரம்பரையில் பிற்காலத்தில், முடிந்து தீர்ந்த செயலைச் சொல்லும் ‘அமே’ என்ற உருவத்துக்கே ‘வரையறைப்படாத இறந்தகாலம்’ என்று நாமகரணம் செய்தார்கள். மாணாக்கரைக் குழப்புவதற்கு இதைவிட நேர்த்தியான உபாயம் கிடைப்பது அரிது.

குழப்பத்தைத் தீர்த்தவர் ஸ்பெயினில் பிறக்கவில்லை. 1781-இல் கராகஸில் பிறந்து, பின்னாளில் தென்னமெரிக்க விடுதலை வீரரான பொலிவாருக்கு இளமையில் ஆசிரியராக இருந்து, 1810 முதல் 1829 வரை லண்டனில் வறுமையோடு போராடி, பின்பு சிலே நாட்டில் குடியேறி, அந்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவராக விளங்கிய அந்திரேஸ் பெல்யோ, வினையின் காலங்களைப் பற்றிப் பல்லாண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருந்த ஆராய்ச்சியை 1841-இல் வால்பராய்சோவில் வெளியிட்டார். 1847-இல் வந்த அவருடைய இலக்கணம், ஸ்பானியர்களுக்காக அன்று, அமெரிக்க நாட்டவரின் உபயோகத்துக்காக என்று தலைப்பிலேயே அறிவித்தது. ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்ற அந்தத் தேசங்களில், இலத்தீன் சிதறியதைப் போல இப்பாஷையும் சிதறிவிடலாகாது என்பது அவர் கவலை. ‘அமாபா’ என்பது குறைபட்ட இறந்தகாலம் அன்று, வேறோர் இறந்தகாலச் செயலோடு உடன் நிகழ்வது என்று கண்ட அவர், அதற்குக் ‘கோப்ரெதேரிதோ’, அதாவது உடனிறந்தகாலம், என்று பெயர் சூட்டினார். நான் புறப்பட்டபோது மழை பெய்துகொண்டிருந்தது என்றால், புறப்பாடு ‘சலீ’. அதைச் சூழ்ந்து நின்ற மழை ‘யோவியா’. மழை எப்போது ஓய்ந்தது என்பது அங்கே கேள்வியே அன்று.

பழக்கத்தைச் சொல்வதும் இதே உருவந்தான். நாம் ‘அந்தக் காலத்தில் தினமும் ஆற்றுக்குப் போவோம்’ என்று, போனதை எதிர்கால விகுதியால் கூசாமல் சொல்கிறோமே, ஸ்பானியர் அவ்விடத்தில் உடனிறந்தகாலத்தைத்தான் சொல்வார்கள். இதை அறிந்த தமிழருக்குப் பாதிச் சிரமம் குறையும்.

மெக்சிகோவின் பள்ளிக்கூடங்களில் இன்றைக்கும் குழந்தைகள் ‘கோப்ரெதேரிதோ’ என்றே படிக்கிறார்கள்.